கண்ணாடியில் சரியாக இருந்த பெயர்கள்

அபாயாக் கடை முதலாளி நஸீர் நானா என் பையிலிருந்து ஒரு கறுப்பு அபாயாவை, முஸ்லிம் பெண்கள் போடுகிற நீண்ட அங்கியை, எடுத்து உதறினார். அதன் கைப்பகுதியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். கடையின் பின்பக்கம் நடந்தார். பெண்கள் உடுப்பை மேலே வைத்துப் பார்ப்பதற்காக அங்கே ஆள் உயரத்தில் ஒரு கண்ணாடி உண்டு. அதற்கு முன்னால் அந்தக் கையை விரித்துப் பிடித்தார்.

நான் அவருக்குப் பின்னால் நின்றேன். கண்ணாடியில் நானாவின் முகம், அவர் தோளுக்கு மேலே என் பாதி முகம், நடுவில் கறுப்புத் துணி. துணியில் நான் கல் பதித்து ஒட்டிய எழுத்து டியூப் லைட்டுக்கு மினுங்கியது.

"கண்ணாடியில சரியா இரிக்கி தம்பி," என்றார் நானா.

அவர் கேலி செய்யவில்லை. பார்த்ததைச் சொன்னார். கண்ணாடியில் அந்தப் பெண்பிள்ளையின் பெயர் சரியாகத்தான் இருந்தது. துணியில்தான் திரும்பி இருந்தது.

அதைச் சொல்வதற்காகத்தான் நான் மலையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தேன். வழியெல்லாம் வார்த்தையைச் சேர்த்து வைத்திருந்தேன். கடைக்குள் வந்ததும் பையை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். நானா தானாகவே கண்டுபிடிக்கும்படி ஆகிவிட்டது.

பலாங்கொடை டவுனில் அந்தக் கடை இருக்கும் பக்கம் இப்போதெல்லாம் நான் நடப்பதில்லை. எதிர்ப்பக்கமாகப் போய்விடுவேன்.

ராணி கொண்டுவந்த மெஷின்

தேயிலை ஃபேக்டரியை விட்டு நான் நின்ற கதையை முன்னமே எழுதியிருக்கிறேன். தேயிலைத் தூசி என் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. என் மனைவி ராணி கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் சம்பளத்தில் வீடு நிற்காது என்று அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். எங்கள் மகள் தர்ஷினி அப்போது பாலர் வகுப்பு.

முதல் ஒப்பந்தம் முடிந்து ராணி வந்தபோது இரண்டு கம்பளிக்கு நடுவில் சுற்றி ஒரு மெஷின் கொண்டுவந்தாள். ஏர்போர்ட்டில் இது என்ன என்று கேட்டார்களாம். தையல் மெஷின் என்று சொல்லிவிட்டாளாம். ஊசி எங்கே என்று அவர்கள் கேட்கவில்லை.

அது வெட்டுகிற மெஷின். ஸ்டிக்கர், அட்டை, மெல்லிய துணி எதையும் போனில் காட்டுகிற வடிவத்தில் சின்னக் கத்தியால் வெட்டித் தரும். அந்த வீட்டு மேடத்தின் மூத்த மகள் கொஞ்ச நாள் கைவேலைக்கு வைத்திருந்து, அலுத்துப்போய்க் குப்பைக்குப் பக்கத்தில் வைத்ததாம். ராணி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"நீங்க கோயில் பேனர் எழுதுவீங்கல்ல. அதுக்காகத்தாங்க எடுத்தேன்," என்றாள். ஆட்களோடு பேசி வேலை தேடுகிற ஆள் நான் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றை எனக்காக அங்கே கண்டுபிடித்திருந்தாள். பிறகு கொஞ்ச நாள் இருந்துவிட்டு மறுபடியும் போனாள்.

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு குடும்பத்துக்குக் காம்பரா என்கிற ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. இஸ்தோப்பைத் தகரத்தால் அடைத்து மெஷினை வைத்தேன். த்ரீவீல் ஆட்டோவுக்குப் பின்னால் ஒட்டுகிற பெயர், பிள்ளைகளின் புத்தகப் பைக்குப் பெயர், பிறந்தநாள் கேக்குக்கு மேலே குத்துகிற எழுத்து என்று வேலை வந்தது. சடங்கு வீடுகளில் வயதுக்கு வந்த பெண்பிள்ளை உட்காருகிற நாற்காலிக்குப் பின்னால் தங்கத் தாளில் பெயர் வெட்டி மாட்டுவார்கள். அதுதான் அதிகம் வந்தது. தோட்டத்தில் எங்கள் டிவிஷனிலும் பக்கத்து டிவிஷனிலும் எத்தனையோ பிள்ளைகளின் பெயரை என் மெஷின் வெட்டியிருக்கிறது.

புரட்டிப் போடுகிற பழக்கம்

டீஷர்ட்டுக்கு எழுத்து ஒட்டுவது கொஞ்சம் வேறு மாதிரி. அந்தத் தாளைப் பின்பக்கமாக வெட்ட வேண்டும். எழுத்து புரண்டு வெட்டுப்பட்டால்தான் துணியில் நேராக விழும். ஆரம்பத்தில் இதை மறந்து, பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு ஒரு இல்லத்து அணியின் டீஷர்ட் முழுவதையும் இடவலம் மாற்றி ஒட்டிவிட்டேன்.

டீச்சர் நல்ல மனுஷி. "பரவாயில்ல, எங்க பிள்ளைகள் எப்பவும் கடைசியாத்தான் வருவாங்க. பின்பக்கமா ஓடினா முதலாவது வந்துடலாம்," என்று சிரித்தார். அன்று நான் பட்ட வெட்கம் எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு துணி வேலை என்றால் முதல் வேலையாக போனில் புரட்டிப் போடுகிற பொத்தானை அமுக்கிவிடுவேன். கோயிலைத் தாண்டும்போது கை தானாக நெஞ்சுக்குப் போகுமே, அதுபோல. யோசிப்பதே இல்லை.

கல்

கல் யோசனையும் ராணியுடையதுதான். அந்த வீட்டுப் பெண்களின் கறுப்பு அங்கிகளைத் துவைத்துக் காயப்போடும்போது போட்டோ எடுத்து அனுப்புவாள். கை ஓரத்தில், முன்பக்க விளிம்பில் எல்லாம் கண்ணாடிக் கல் ஒட்டியிருக்கும்.

"பலாங்கொடை முஸ்லிம் ஆளுங்க இதைக் கொழும்புக்கு அனுப்பித்தானே ஒட்டி எடுக்குறாங்க. நீங்க ஒட்டினா என்னங்க," என்றாள்.

குழி வெட்டி மாணிக்கம் எடுக்கிற எங்கள் பக்கத்தில் கல் என்றால் எல்லாருக்கும் அதுதான் ஞாபகம் வரும். மேசைமேல் சின்னச் சின்னப் பொட்டலங்களில் மினுங்கியதைப் பார்த்து, பக்கத்துக் காம்பரா பார்வதி அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "எந்தக் குழியில எடுத்தீங்க தம்பி? எங்களுக்கெல்லாம் சொல்லாம எறங்கிட்டீங்களா?" என்றார். கண்ணாடிதான் அக்கா என்றேன். "அப்ப என் படங்குலயும் ரெண்டு ஒட்டி விடுங்க. கங்காணி கண்ணு கூசட்டும்." படங்கு என்பது கொழுந்து எடுக்கும்போது செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றுகிற தடித்த துணி.

சிங்களத்தில் ஒரு பெண் வீடியோவில் கற்றுக்கொடுப்பதைப் பார்த்துப் பழகினேன். ஒரு தடித்த தாளில் பூ வடிவத்துக்குச் சின்னச் சின்ன ஓட்டைகளை மெஷின் வெட்டும். அதன்மேல் கல்லைக் கொட்டி மெல்லிய பிரஷ்ஷால் தள்ளினால் கல் ஒவ்வொன்றாக ஓட்டையில் போய் உட்காரும். நான் சவரம் செய்கிற பிரஷ்ஷை எடுத்துக்கொண்டேன். முகம் கவிழ்ந்து விழுந்த கல்லை ஊசி முனையால் நிமிர்த்த வேண்டும். பிறகு ஒட்டுத்தாளை மேலே வைத்து எடுத்தால் கல் எல்லாம் அப்படியே எழும்பி வரும். அதைத் துணியில் வைத்துச் சூட்டு அழுத்தியால் அமுக்கினால் கல்லின் அடியில் உள்ள பசை உருகிப் பிடித்துக்கொள்ளும்.

அழுத்தியை ரத்தினபுரியில் ஒருவரிடம் பழையதாக எடுத்தேன். அதைப் போட்டால் லயம் முழுவதும் பல்பு மங்கிவிடும். பின்னேரம் டிவியில் நாடகம் ஓடும்போது ஒருநாள் போட்டுவிட்டேன். எல்லாக் காம்பராவிலிருந்தும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு காலையில் மஸ்டரில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்து முடிந்து எல்லாரும் மலைக்கு ஏறினபிறகுதான் போடுவேன்.

அந்த நேரம் லயம் அமைதியாக இருக்கும். கொல்லையில் கோழி சீய்க்கிற சத்தம் கேட்கும். அழுத்தி சூடேறும்போது ஒரு வாசம் வரும், இஸ்திரி போட்ட பாடசாலைச் சட்டை வாசம். கல் ஓட்டையில் விழுகிற சத்தம் மணல் உதிர்வதுபோல இருக்கும். என் வாழ்நாளில் எந்த வேலையையும் அவ்வளவு விரும்பிச் செய்ததில்லை.

எனக்கு ஒரே பயம், கல் விழுந்துவிடுமோ என்பதுதான். ஒட்டியதைப் பீலியில், லயத்துக் குழாயடியில், ஊறவைத்து, துவைக்கிற கல்லில் அடித்துப் பார்ப்பேன். விழாத வரைக்கும் சூட்டையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தேன்.

பார்வதி அக்கா பேசினார்

அபாயாக் கடைக்குப் போய்க் கேட்க வேண்டும் என்று ராணி சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் போனேன். எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து அந்தக் கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். உள்ளே எல்லாம் பெண்கள். அதற்குள் நுழைந்து எதைச் சொல்வது?

இதைக் கேட்டுவிட்டு பார்வதி அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நேராக நஸீர் நானாவிடம் போய், "முதலாளி, இவரு வாயத் தொறக்க மாட்டாரு. கையப் பாருங்க," என்று நான் கொண்டுபோன துணியை விரித்துவிட்டார்.

நானா விரல் நகத்தால் ஒரு கல்லைச் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. இன்னும் பலமாகச் சுரண்டினார். வரவில்லை. "ஹரி," என்று சிங்களத்தில் சம்மதம் சொன்னார்.

முதலில் சில அபாயாக்கள் தந்தார். கை ஓரத்துக்குக் கொடி, பூ, வண்ணத்துப்பூச்சி. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அப்போதும் என் விரல் பழக்கத்தில் புரட்டிப் போடுகிற பொத்தானை அமுக்கியிருக்கும். கல் வேலையில் அது தேவையே இல்லை. கல் முகம் மேலே பார்த்தபடி ஓட்டையில் உட்கார்ந்து, அப்படியே எழும்பி, அப்படியே துணிக்குப் போகிறது. இது எனக்குத் தெரியாமலே போயிற்று. வண்ணத்துப்பூச்சிக்கு இடம் ஏது, வலம் ஏது? கொடி இந்தப் பக்கம் சுருண்டாலும் அந்தப் பக்கம் சுருண்டாலும் கொடிதான். சிங்கள வீடியோவிலும் பூ மட்டுமே ஒட்டினார்கள்.

தள்ளிப்போன சடங்கு

இங்கே தர்ஷினியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் வயதுக்கு வந்தது ராணி இல்லாத நேரத்தில். பார்வதி அக்காதான் தண்ணீர் ஊற்றினார். போனில் ராணி அழுதாள். பெரிய சடங்கை நான் வந்துதான் செய்யவேண்டும், எனக்காக வையுங்கள் என்றாள். வைத்தோம். அங்கிருந்து ரோஸ் நிறத்தில் ஒரு பாவாடை தாவணி அனுப்பினாள். ரவிக்கையும் தைத்தாயிற்று. பிறகு ராணி வரவேண்டிய நேரத்தில் வர முடியவில்லை. எங்கள் வீட்டு நிலைமை. மறுபடியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மற்றப் பிள்ளைகளுக்குத் தங்கத் தாளில் பெயர் வெட்டும்போது தர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத் துண்டுகளைப் பொறுக்குவாள். சொந்தத்தில் ஒரு பெரியம்மா, "என்ன, சடங்கையும் கல்யாணத்தையும் ஒரே பந்தல்ல முடிச்சுருவீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். தர்ஷினி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இந்த ஒப்பந்தம் முடிய வந்தபோதுதான் நஸீர் நானா அந்தப் பெரிய வேலையைத் தந்தார். பெண்பிள்ளைகள் ஓதுகிற ஒரு மதரசாவில் படிப்பு முடித்துப் போகிறவர்களுக்கு விழா. ஒரே மாதிரி அபாயா. ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பெயர் அரபு எழுத்தில், கல்லில்.

"இது சரியா வந்திச்செண்டா இனிக் கொழும்புக்கு அனுப்புற வேல இல்ல தம்பி. பெருநாள் வேலயும் ஒங்களுக்குத்தான், கலியாண வேலயும் ஒங்களுக்குத்தான்," என்றார்.

இதை ராணியிடம் சொன்னேன். அடுத்த கிழமை போன் எடுத்தபோது, "மேடம் திருப்பிக் கையெழுத்துக் கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேங்க," என்றாள். குரலில் இருந்தது பயமா சந்தோஷமா என்று பிரிக்க முடியவில்லை.

தர்ஷினி அன்றைக்கே பாவாடை தாவணியை எடுத்து வெயிலில் போட்டாள். விளிம்புக்கு ஒட்டுவதற்காக நல்ல கல்லில் ஒரு பொட்டலத்தை நான் தனியாக எடுத்து வைத்தேன்.

புள்ளிகள்

பெயர்களை மௌலவி ஒருவர் தாளில் எழுத, நானா அதைப் படமாக எடுத்து என் போனுக்கு அனுப்பினார். எனக்கு அந்த எழுத்தில் ஒன்றும் தெரியாது. நானா ஒரு எச்சரிக்கை சொன்னார். "புள்ளி கவனம் தம்பி. ஒரு புள்ளி குறஞ்சா வேற ஆள்ட பேராப் பெய்த்திரும்."

நான் புள்ளியைப் பிடித்துக்கொண்டேன். மேலே இருக்கிற புள்ளி, கீழே இருக்கிற புள்ளி, இரட்டைப் புள்ளி. ஒவ்வொரு பெயருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் புள்ளியைச் சரிபார்த்தேன். புள்ளிக்கு மட்டும் கொஞ்சம் பெரிய கல்லாகப் பார்த்து வைத்தேன்.

வெட்டிய தாளில் எழுத்து புரண்டு இருந்தது. புரண்டு இருந்ததைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்தால்தான் துணியில் நேராக வரும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது.

முதலில் ஒன்றைச் செய்து நானாவிடம் காட்டியிருக்கலாமே என்று பார்வதி அக்கா பிறகு கேட்டார். காட்டியிருக்கலாம். நானா சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். கடையில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

மழை பெய்துகொண்டிருந்த கிழமை அது. மஸ்டர் முடிந்ததும் அழுத்தியைப் போடுவேன். துணியில் சூட்டுத் தழும்பு விழாமல் வெள்ளைத் துணியை மேலே போட்டு அமுக்குவேன். ஒவ்வொன்றாக முடித்து, காம்பராவுக்குள் கயிறு கட்டி மாட்டினேன். வீடு முழுவதும் கறுப்பு அபாயா தொங்கியது. தர்ஷினி பாடசாலை விட்டு வந்து அவற்றுக்கு நடுவில் குனிந்து குனிந்து போவாள். "ஆள் நிறைஞ்ச வீடு மாதிரி இருக்குப்பா," என்றாள்.

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டார் தொழுகைக்கும் உறவு வீட்டுக்கும் போய்விடுவார்கள். ராணிக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். சின்னப் பிள்ளையை மட்டும் அவளிடம் விட்டுப் போவார்கள். கைக்குழந்தையிலிருந்து ராணி வளர்த்த பிள்ளை. எங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் "ராணி, ராணி" என்று கூப்பிடும். ராணி "ஜாயா" என்று குரல் கொடுப்பாள். முதலில் அது பிள்ளையின் பெயர் என்று நினைத்திருந்தேன். கேட்டபோது, "வர்றேன்னு அர்த்தங்க," என்றாள்.

அன்றைக்கு எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான். வீடியோவில் ராணிக்குக் காட்டினேன். ஒவ்வொரு கையாகத் தூக்கிப் பிடித்தேன். "நல்லா இருக்குங்க. கடையில வாங்கின மாதிரியே இருக்கு," என்றாள். அவளுக்கு அரபுப் பேச்சு வரும், எழுத்துத் தெரியாது.

பிள்ளை ராணியின் தோளில் தொற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தது. இப்போது பாடசாலைக்குப் போகிறது, எழுத்துக் கூட்டிப் படிக்கிறது என்று ராணி பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். எங்கள் மகள் எழுத்துப் படித்த காலத்தில் ராணி பக்கத்தில் இல்லை.

பிள்ளை போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தது. முகத்தைச் சுளித்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தது. தன் உள்ளங்கையை நீட்டி, அதைப் புரட்டிக் காட்டி ஏதோ சொன்னது.

ராணி சிரிக்கவில்லை. "பாப்பா என்னமோ சொல்லுது. இருங்க," என்று அதனிடம் ஏதோ கேட்டாள். அது மறுபடியும் கையைப் புரட்டியது.

"என்னங்க," என்றாள் ராணி. "அந்தப் படத்தையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்களேன்."

மௌலவி எழுதிய படத்தைத் தர்ஷினியின் போனுக்கு அனுப்பித் துணிக்குப் பக்கத்தில் வைத்தேன். வாலாக நீண்ட எழுத்து படத்தில் இடப்பக்கம் முடிந்தது. துணியில் வலப்பக்கம் முடிந்தது. அடுத்ததைப் பார்த்தேன். அதற்கடுத்ததைப் பார்த்தேன். கயிறு நெடுக அப்படித்தான்.

புள்ளிகள் எல்லாம் சரியாக இருந்தன.

ஒன்றையாவது கழற்றிப் பார்க்கலாம் என்று அழுத்தியைச் சூடாக்கினேன். லயத்தில் பல்பு மங்கியது. யாரோ கத்தினார்கள். ஊசியால் ஒரு கல்லை நெம்பினேன். கல் வந்தது, துணியின் நூலோடு. இருந்த இடத்தில் பசை வெள்ளையாக நின்றது. அதைச் சுற்றித் துணி சூட்டில் பளபளத்து, இஸ்திரி தீய்ந்த கால்சட்டைபோல ஆகிவிட்டது. அழுத்தியை அணைத்துவிட்டேன்.

தர்ஷினி ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து எடுத்து மடித்தாள். மடிக்கும்போது பெயர் உள்பக்கம் போகும்படி மடித்தாள்.

மறுபடி அந்தக் கண்ணாடி

மறுநாள் பஸ்ஸில் பையை மடியில் வைத்திருந்தேன். கொண்டக்டர் சிங்களத்தில் அதை மேலே தூக்கிப் போடச் சொன்னார். நான் மடியிலேயே வைத்துக்கொண்டேன். மேலே போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

நானா கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த வார்த்தையைச் சொன்னபிறகும் அங்கிருந்து நகரவில்லை. கண்ணாடியில் அந்தப் பெயரை வாய்க்குள் வாசித்தார். அடுத்த அபாயாவை எடுத்து அதையும் கண்ணாடியில் வாசித்தார். தெரிந்த பிள்ளைகளாக இருக்கும். ஒரு பெயரை வாசித்துவிட்டுக் கொஞ்சம் சிரித்தார்.

அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆள் அனுப்பித் தேத்தண்ணி எடுப்பித்தார். "விழாவுக்கு வெறும் அபாயா குடுத்துச் சமாளிக்கேலும். அத யோசிக்காதீங்க," என்றார். துணிக் காசுக்கு நான் என்ன செய்வது என்று கேட்க முயன்றேன். கையை ஆட்டி நிறுத்திவிட்டார்.

நான் குடித்து முடித்தபிறகு மெதுவாகச் சொன்னார். "ஒங்கட கையில குற இல்ல தம்பி. ஒரு கல்லுக் கூட அசையல்ல. ஆனா எங்கட எழுத்து ஒங்களுக்குத் தெரியாதே. நாளக்கி வேற ஒண்டு இப்படி வந்திச்செண்டா நான் ஆக்களுக்கு என்ன சொல்றது?"

பூ வேலை மட்டும் தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்தபிறகுதான் அந்த வார்த்தை எனக்குக் கிடைத்தது. பார்வதி அக்கா, வாங்க இப்பவே போய்க் கேட்போம் என்று எழும்பினார். நான் போகவில்லை. அவர் தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். வேலை மறுபடி கொழும்புக்குப் போகத் தொடங்கிவிட்டதாம்.

அபாயாக்களை நானா எனக்கே திருப்பித் தந்திருந்தார். பெயர் போட்டதை யாருக்கும் விற்க ஏலாது என்றார்.

ராணிக்கு நான் சொன்னேன். அந்தப் பக்கம் துணி துவைக்கிற மெஷின் சுற்றுகிற சத்தம் கேட்டது. அது நின்றது.

"மேடம் இன்னும் வேற ஆள் பாக்கலங்க," என்றாள். "நான் சொல்லிக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசை. வேண்டாம் என்றால் அடுத்து என்ன என்று அவள் கேட்கமாட்டாள். ஆனால் அடுத்தது இருக்கத்தானே செய்கிறது. "சரி," என்றேன்.

தர்ஷினி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாடு போடும்போது சொன்னாள். "ரவிக்கை இப்பவே கை பிடிக்குதுப்பா. அம்மா வர்றப்ப உள்ள இருக்கிற தையலப் பிரிச்சுப் பெருசாக்கலாம்ல?"

பெருசாக்கலாம் என்றேன். உள்ளே எவ்வளவு துணி விட்டுத் தைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

விழாத கல்

அபாயாக்கள் பெட்டியில் கிடந்தன. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும் என்று ஒருநாள் வெளியே எடுத்தேன். பார்வதி அக்கா பார்த்துவிட்டு, கைகளை மட்டும் வெட்டித் தரச் சொன்னார். செடி கிழிக்காமல், ரத்தம் குடிக்கிற அட்டை ஏறாமல் இருப்பதற்குக் கொழுந்து எடுக்கிற பெண்கள் கையில் உறைபோல எதையாவது மாட்டிக்கொள்வார்கள்.

நான் தயங்கினேன். யாரோ ஒரு பிள்ளையின் பெயர்.

"பெட்டியில கெடந்து மக்குறதுக்கு என் கையில கெடக்கட்டுமே," என்றார். "யார் பேரு தம்பி இது?"

எனக்குத் தெரியாது என்றேன்.

அவர் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். பார்த்துவிட்டு மற்றவர்களும் வந்து கேட்டார்கள். இப்போது எங்கள் டிவிஷனில் பல கைகளில் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. வெயில் விழும்போது நான் இஸ்தோப்பில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். பச்சை மலையில் அங்கே ஒரு மினுக்கம், இங்கே ஒரு மினுக்கம். கொழுந்துச் சாறு படிந்து துணி மங்கிவிட்டது. தினமும் பீலியில் துவைக்கிற கல்லில் அடிக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை ராணி கேட்டாள். "அந்தக் கல்லெல்லாம் இன்னும் இருக்கா, விழுந்துடுச்சா?"

"ஒண்ணுகூட விழல," என்றேன்.

"அப்ப நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க," என்றாள்.

தர்ஷினியிடம் போனைக் கொடுக்கலாம் என்று கூப்பிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அந்தப் பக்கம் பிள்ளையின் குரல் கேட்டது. ராணி, ராணி என்று கூப்பிட்டது.

"ஜாயா," என்றாள் ராணி.